ஹாண்டில் விடுபட்ட கதை

நோ முதலில் இடது தோளின் நுனியில் வந்தது. நின்றால் இல்லை, நடந்தால் இல்லை. மல்லாந்து படுத்தால் மட்டும் யாரோ தோளெலும்பின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்துவது போல வரும். இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குத் திரும்பும் கப்பலில், இருக்கை வரிசைகளுக்கு நடுவே காலை நீட்டிப் படுத்தபோதுதான் அதைக் கவனித்தேன். எழுந்து உட்கார்ந்தேன், போய்விட்டது. ஒரு கோப்பி வாங்கிக் குடித்தேன். தும்மல், தடிமன் வந்தாலே வீட்டை இரண்டாக்கும் நான், உயிர் போகக்கூடிய வருத்தம் வந்த அன்று கோப்பிக்குச் சீனி போதாது என்று மட்டும் முறைப்பட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு மண்ணீரல் (இடப்பக்கக் கீழ் விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும், கைமுட்டி அளவான உறுப்பு, இரத்தத்தை வடிகட்டும், சில கிருமிகளைப் பிடித்துக் கொல்லும்) எடுக்கப்பட்டிருக்கலாம். அல்லது அப்படி ஒருவரோடு வாழ்ந்துகொண்டு, அவர் தும்மும்போதெல்லாம் நீங்கள் திடுக்கிடுகிறவராக இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாற்பத்தேழு வயது வரை எனக்கு அப்படி ஓர் உறுப்பு இருப்பதே தெரியாது. தெரிய வந்த அன்றே எடுத்துவிட்டார்கள்.

நான் பாரிசில், லா சப்பலில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில், புடவைக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவே. கலியாண அட்டையும் முப்பத்தோராம் நாள் நினைவு மலரும் ஒரே கணினியில்தான் உருவாகும். அச்சு முடியும்வரை வாடிக்கையாளர்கள் கதிரையில் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களுக்குப் பகிடி சொல்வது என்னுடைய சம்பளமில்லாத உத்தியோகம்.

2009 வைகாசியில் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் தெருவில் என் வயது ஆண்கள் பலருக்கு நித்திரை போனது. எனக்கு நித்திரை போகவில்லை, சீனி வருத்தம் வந்தது. சரியாகச் சொன்னால், எல்லைக் கோட்டில் வந்து நின்றது. பாரிசுக்கு வெளியே, எபினேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் குடும்ப மருத்துவர், மருந்து வேண்டாமென்றால் உடம்பை அசையுங்கள் என்றார். நான் ஒரு பழைய மலைச் சைக்கிள் வாங்கினேன். எபினேயில் மலை இல்லை. தடித்த சில்லு தடித்த மனிதரைத் தாங்கும் என்று விற்றவன் சொன்னதை நம்பினேன்.

மலை இருந்தது என் மனைவி வதனியின் தம்பி ரமணனிடம். அவன் இங்கிலாந்தின் தென்கரையில், நியூஹேவன் துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறான். சைக்கிள் விசரன். பாரிசிலிருந்து ரயிலில் தியெப், அங்கிருந்து கப்பலில் நியூஹேவன். சைக்கிளையும் கூடவே ஏற்றலாம். 2012 கோடையில் போனேன்.

அந்த ஊர் மலைகளை மலை என்று சொன்னால் மலையகத்து ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் ஏறிப் பார்த்தால் தெரியும். புல் மூடிய முதுகுகள். ஒன்று முடிந்தால் அடுத்தது. மேலே போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கோதுமை வயல். பாதை முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. வெயிலில் அது தூள். மழை பெய்தால் சவர்க்காரம். முதல் நாள் மழை பெய்திருந்தது.

ஏறும்போது என் மூச்சுச் சத்தத்துக்கு ஆடுகள் விலகி நின்றன. இறங்கும்போதுதான் பயம் வந்தது. ரமணன் முன்னால் மிதந்துகொண்டு போனான். நான் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, நல்லூர் முருகனையும் பிடித்தபடி இறங்கினேன். ஓரிடத்தில் முன் சில்லு மழைநீர் அறுத்த பள்ளத்துக்குள் இறங்கியது. ஹாண்டில் சட்டென்று திரும்பி, அதன் முனை என் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. பிறகு நான் வலப்பக்கமாகப் புல்லில் விழுந்தேன். மூச்சு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. வந்ததும் சிரித்தேன். ஒரு செம்மறியாடு கிட்ட வந்து, செத்த வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

நடந்தது இவ்வளவுதான். இதை வடிவாக நினைவில் வைத்திருங்கள். ஏனென்றால் நான் வைத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அச்சகத்தில் கதை தொடங்கியது. தோளைத் தடவிக்கொண்டு நின்றேன், என்ன என்று கேட்டார்கள். சைக்கிளில் விழுந்தேன் என்றேன். எப்படி என்று கேட்டார்கள். ஹாண்டில் வயிற்றில் குத்தியதில் பகிடி இல்லை. அதனால் முதல் முறை சொன்னபோதே அது சுருங்கியது. இரண்டாம் முறை நான் அனுமார் போல ஹாண்டிலுக்கு மேலால் பறந்தேன். மூன்றாம் முறை, தோள்தானே நோகிறது, ஆகவே தோளில் வந்து இறங்கினேன். கலியாண அட்டைக்கு வந்த ஒரு குடும்பம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆடு மட்டும் எல்லா முறையும் தவறாமல் வந்தது. புதன்கிழமை வரும்போது ஹாண்டில் கதையிலேயே இல்லை. அதைவிட மோசம், என் தலைக்குள்ளும் இல்லை. இடது தோளில் விழுந்தேன் என்று நானே நம்பினேன்.

தோளில் விழுந்தவனுக்கு எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? சுளுக்கு எடுப்பார்கள். மரக்கறிக் கடைப் பின்னறையில் செல்லண்ணை இருக்கிறார். பகலில் வாழைக்காய்ப் பெட்டி தூக்குவார், கேட்டால் நோவெண்ணெய் போட்டு உருவி விடுவார். வெங்காய மூட்டை மேல் என்னை இருத்தி, தோளைப் பிடித்து, நரம்பு ஏறிக் கிடக்குது என்றார். அவர் அழுத்தியபோது எனக்கு நோகவில்லை. கைராசி என்று நினைத்தேன். வயிற்றையும் ஒருக்கால் உருவிவிடவா என்று அவர் கேட்காததுதான் என் ஆயுள் பலம்.

வதனிக்குச் சந்தேகம் இருந்தது. அவள் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனையோ பிள்ளைகள் விழுவதைப் பார்க்கிறவள். “தோள் நோ எண்டால் கையைத் தூக்கேக்கை நோகோணும். உங்களுக்குப் படுத்தால் நோகுது. இதென்ன புது மாதிரி?” என்றாள். மருத்துவரிடம் போகச் சொல்லி நின்றாள். போனேன்.

எங்கே விழுந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். இங்கிலாந்தில் என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பைக் கண்டால் நான் நிற்க மாட்டேன். முழுக் கதையும் ஆட்டோடு சேர்த்து பிரெஞ்சில் அரங்கேறியது. அவர் என் கையைத் தூக்கினார், சுழற்றினார், அழுத்தினார். தோளில் ஒன்றுமே இல்லையே என்று புருவத்தைச் சுருக்கினார். அந்த ஒரு விநாடி அவர் யோசித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். நான் சொன்னேன்: ஓகஸ்ட் மாதம் அல்லவா, பாரிசே விடுமுறையில், நோவும் விடுமுறைக்குப் போயிருக்கும். அவர் மறுபடி சிரித்து நோமாத்திரை எழுதினார்.

அடுத்த நாள் பின்னேரம் அச்சகத்தில் ஒரு நினைவு மலருக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன். கடை மங்கியது. நெற்றியில் வியர்வை, குளிர்ந்த வியர்வை. வயிறு பறை மாதிரி இறுகியிருந்தது. கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன். கடையில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. முதலாளி அவசர இலக்கத்துக்கு அடித்தார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் வந்தார். இடது தோள் நோ, வியர்வை, என் வயது; முதலில் இதயத்தைப் பார்த்தார். இதய மின்பதிவு (நெஞ்சில் ஒட்டுகள் வைத்து இதயத்தின் துடிப்பைத் தாளில் வரைவது) சரியாக இருந்தது. விழுந்தீர்களா என்றார். நான் கதையைச் சொன்னேன். நாக்கு உலர்ந்திருந்தது, ஆனாலும் ஆடு வந்தது. அவர் தோளுக்கு எக்ஸ்ரே எழுதிவிட்டு அடுத்தவரிடம் போனார். அவரில் குற்றமில்லை. நான் கொடுத்த கதைக்கு அவர் சரியான பரிசோதனையைத்தான் எழுதினார்.

என்னை நடைபாதைச் சுவரோரம் தள்ளுகட்டிலில் விட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பிரெஞ்சுக் கிழவி, கையில் கட்டு. அவருக்கும் ஏதோ பகிடி சொன்னேன். என் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கேட்டது. தாதி வந்து இரத்த அழுத்தம் பார்த்தாள். பட்டியைக் கழற்றி, மற்றக் கையில் போட்டு மறுபடி பார்த்தாள். ஒருவர் இரண்டாம் முறை பார்க்கும்போது நோயாளிக்கு என்ன தோன்றும் என்று உங்களுக்குத் தெரியும். தாகம் தாங்க முடியவில்லை. தண்ணீர் தர மாட்டோம் என்றார்கள்.

வதனி வேலை உடுப்போடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்க, கையை நீட்டி நிறுத்தினாள். பிறகு கைப்பேசியில் ரமணனைப் பிடித்து, கொண்ணை இஞ்சை வெளிறிப் போய்க் கிடக்கிறார், அங்கை என்னடா நடந்தது என்று கேட்டாள். அவசரத்தில் அத்தான் அவனுக்கு அண்ணனாகிவிட்டார். ரமணன் சொன்னது எனக்கும் கேட்டது.

“அக்கா, அத்தான் இடப்பக்கம் விழவே இல்லை. வலப்பக்கம்தான் விழுந்தவர். ஹாண்டில்தான் இடப்பக்கம் வயித்திலை குத்தினது. அதைச் சொன்னவரே?”

வதனி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் அந்தப் பள்ளம் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

வதனிக்குப் பிரெஞ்சு அளவாகத்தான் வரும். ஹாண்டிலுக்கு என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாது. போய்க்கொண்டிருந்த தாதியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் சைக்கிள் போலப் பிடித்துக் காட்டினாள். பிறகு வலக்கையை முட்டியாக்கித் தன் இடது விலாவுக்குக் கீழே ஓங்கிக் குத்தினாள். சத்தம் கேட்டது. ஒரு முறை போதாது என்று இன்னொரு முறை குத்தினாள். தாதி என் போர்வையை நீக்கி வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே மருத்துவரைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி எக்கோ (ஒலி அலைகளால் உடம்புக்குள் பார்க்கும் கருவி) வைத்தார்கள். திரையில் கறுப்பாக ஒரு குளம் தெரிந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது என் இரத்தம்.

அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒரு பெண், சிறிய உருவம். கட்டிலோடு கூட நடந்துகொண்டே விளக்கினார். அடிபட்ட அன்று மண்ணீரல் கீறியிருக்கிறது. அதன் உறை அந்த இரத்தத்தைச் சில நாள் பிடித்து வைத்திருக்கிறது. இன்று உறையும் கிழிந்துவிட்டது. உள்ளே கசிந்த இரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை) உறுத்தும். அந்தத் திரையின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்துக்குப் போகின்றன. மூளை விலாசத்தை மாறி வாசித்துவிடுகிறது. விலாசம் மாறிய கலியாண அட்டைகளுக்காக நான் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

எனக்கு ஒரு நல்ல பகிடி வந்தது. வாயைத் திறந்தேன்.

“ஐயா, பிறகு சொல்லுங்கள்” என்றார் அவர். “பிறகு என்று ஒன்று இருக்க வேண்டும்.”

மயக்க மருந்துக்கு முன் மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்பார்கள். நான் என் நினைவு மலரை வடிவமைத்தேன். எந்தப் படம் போடுவார்கள்? அடையாள அட்டைப் படம் என்றால் திருடன் மாதிரி இருப்பேன். “எல்லோருடனும் பகிடியாகப் பழகியவர்” என்று கட்டாயம் எழுதுவார்கள்; நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். கையில் கிடக்கும் வேலையை முதலாளி யாரிடம் கொடுப்பார்? அவருக்கு எழுத்துரு தெரியாது. இப்படி ஓடிக்கொண்டே இருந்தது. அடியில் ஒரே ஒரு விஷயம்தான் கிடந்தது: வதனி இரண்டாம் முறை குத்தியபோது அவளுக்கு நொந்திருக்கும்.

விழித்தபோது வயிற்றில் நெடுக ஒரு தையல். வதனி கதிரையில் இருந்தாள். “உங்கடை வாய்தான் உங்களைக் கொல்லப் பார்த்தது” என்றாள். பிறகு நெடுநேரம் என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செல்லண்ணை பார்க்க வந்தார், எண்ணெய்ப் போத்தலோடு. தோள் எப்பிடி என்று கேட்டார். நோ போய்விட்டது என்றேன். உண்மைதான், இரத்தத்தை எடுத்ததும் தோள் நோ மறைந்துவிட்டது. “பாத்தீரே, நான் அண்டைக்கே சொன்னனான்” என்று பக்கத்துக் கட்டில்காரருக்கும் தன் கையைக் காட்டினார். சிரிக்கவும் முடியவில்லை, தையல் இழுத்தது. பிரெஞ்சுக்காரர் தலைதெறிக்க ஓடுகிறவனை மண்ணீரல் எடுத்தவன் போல ஓடுகிறான் என்பார்களாம். அதைச் சொன்ன தாதி என்னைக் கழிவறைவரை நடத்திப் போனாள். பாதி வழியில் இரண்டு முறை இளைப்பாறினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நிபுணர் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். இதைத்தான் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். மண்ணீரல் இல்லாமல் நன்றாக வாழலாம். ஆனால் சில கிருமிகள் இரத்தத்துக்குள் இறங்கினால் தடுக்கிற காவல் இனி இல்லை. அவை மணிக்கணக்கில் பெருகும். தடுப்பூசிகள் போட வேண்டும், தினமும் பெனிசிலின் எடுக்க வேண்டும். நாய் கடித்தாலும் உண்ணி கடித்தாலும் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சல். முப்பத்தெட்டுப் பாகையைத் தாண்டினால் கையிலிருக்கும் அவசர மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்ப்போம் என்பது உங்களுக்கு இனி இல்லை என்றார்.

பயந்தாங்கொள்ளியிடம் இப்படி ஒரு சட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? மூன்று தெர்மோமீற்றர் வாங்கினேன். வீட்டில் ஒன்று, அச்சகத்தில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று. மூன்றும் வேறு வேறு இலக்கம் காட்டின. எது பெரிதோ அதை நம்பினேன். அட்டை வாங்க வந்தவர்களின் பிள்ளைகள் இருமினால், இயந்திரத்தைத் திருத்தப்போகிறவன் போல அதற்குப் பின்னால் போய் ஒளிந்தேன். எங்கள் தெருவில் பிள்ளையார் தேர் வந்த அன்று கூட்டத்தில் உடம்பு கொதிக்க, தெருவோரம் நின்று வாயில் வைத்துப் பார்த்து, முப்பத்தெட்டரை கண்டு வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். தாதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: சற்று முன் சூடாக ஏதாவது குடித்தீர்களா? குடித்திருந்தேன். தண்ணீர்ப் பந்தலில் தேத்தண்ணி, இரண்டு கோப்பை.

இப்படிப் பலமுறை. கடைசியில் அங்கே என் பெயரைக் கேட்காமலே கதவைத் திறந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. வரத்தான் வேண்டும் என்றார்கள். ஆனாலும் வெட்கம் வந்தது. அந்த வெட்கம் பயத்தைவிட ஆபத்தானது. பயந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். வெட்கப்பட்டவன் வீட்டில் இருப்பான்.

சைக்கிள் நிலக்கீழ் அறையில் கிடந்தது. அதைத் தொட மூன்று வருடம் சென்றது. மறுபடி அதே மலைக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால், அந்தப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். என் கதையிலிருந்து நானே அழித்த இடம் அது. வதனி மறுத்தாள், பிறகு ஒரு நிபந்தனையோடு விட்டாள். சில்லுக்கு ஒட்டுப் போடும் சாமான் வைக்கிற இருக்கைப் பையில் தெர்மோமீற்றரும் மாத்திரையும், மண்ணீரல் இல்லாதவன் என்று ஆஸ்பத்திரி எழுதித் தந்த சிறு அட்டையும் இருக்க வேண்டும். அவளே அடுக்கினாள்.

2015இல், ஒரு காய்ந்த நாளில், ரமணனுடைய வான் வண்டியை மேட்டிலிருந்த தரிப்பிடத்தில் விட்டுவிட்டு ஏறினோம். அந்தப் பள்ளம் இல்லை. மூன்று மாரி அதைக் கரைத்து வேறெங்கோ புதிதாக வெட்டியிருந்தது. எது என்னுடைய இடம் என்று ரமணனுக்கும் தெரியவில்லை. மேலே கடற்காற்று அடித்தது. நான் உட்கார்ந்தேன். நடுங்கத் தொடங்கியது.

“காத்து குளிர், அத்தான்” என்றான் ரமணன். தன் மேலங்கியைக் கழற்றித் தந்தான்.

போட்டுக்கொண்டேன். நடுக்கம் அங்கிக்குள்ளும் வந்தது. பல் அடித்தது. தெர்மோமீற்றரை வாயில் வைத்தேன். முப்பத்தெட்டு தசம் நான்கு. என் தலைக்குள் ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்றார். மலை ஏறினாய், சூடு வரும். காலையில் வதனியோடு தொலைபேசியில் கதைத்தபோது லேசாக இருமினாய், அது ஒன்றுமில்லை. பின்னேரம் கப்பல் இருக்கிறது; எபினேக்குப் போய், உன்னை அறிந்த ஆஸ்பத்திரியிலேயே காட்டு. இங்கே போய் இன்னொரு தேத்தண்ணிக் கதையாகிவிட்டால்? ரமணனின் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தேன். முப்பத்தெட்டு தசம் எட்டு.

ரமணன் என் முகத்தைப் பார்த்து, பகிடி விடுறியளோ என்று கேட்டான். அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் பிழையில்லை. “இல்லை” என்றேன். அவனோடு நான் பேசிய மிகச் சிறிய வசனம் அதுதான். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். சைக்கிள்களை வேலியில் சாத்திவிட்டு, அவன் என் தோளைப் பிடிக்க, தரிப்பிடம்வரை நடந்தோம். புல்வெளியில் ஆடுகள் நின்றன. ஒன்றும் கிட்ட வரவில்லை.

ஆஸ்பத்திரி வரவேற்பில் ஓர் இளம் பெண் இருந்தாள். சிரித்த முகம். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும், நம்புங்கள், காய்ச்சலுக்கு நடுவிலும் நாக்கின் நுனிக்குக் கதை ஓடி வந்தது: மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த மலையில் ஓர் ஆடு… நான் வாயை மூடினேன். அட்டையை மேசையில் வைத்தேன்.

“எனக்கு மண்ணீரல் இல்லை. இப்போது காய்ச்சல். மாத்திரை போட்டுவிட்டேன்” என்றேன்.

அவள் கதிரையை விட்டு எழுந்தாள். என் வாழ்நாளில் நான் சொன்ன எதற்கும் ஒருவரும் அவ்வளவு கெதியாக எழும்பியதில்லை.

ஊசி ஏற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள். நியூமோனியா (நுரையீரலில் கிருமித் தொற்று) தொடங்கியிருந்தது. பிறகு வந்த முடிவில் இரத்தத்திலும் கிருமி இருந்தது. நரைத்த மருத்துவர் ஒருவர், நல்ல நேரத்துக்கு வந்தீர்கள் என்றார். அன்று பின்னேரக் கப்பலில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் சேலைன் சொட்டுவதைச் சரிபார்த்தார், சரியாகத்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

வதனி அடுத்த கப்பலில் வந்தாள். கட்டிலோரம் நின்று, இந்த முறை என்ன சொன்னீங்கள் என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன். “அவ்வளவுதானோ?” என்றாள். அவ்வளவுதான் என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

இப்போது சுகம். இடப்பக்கம் திரும்பிப் படுக்கும்போது உள்ளே ஒரு வெற்றிடம் இருப்பதாக முன்பெல்லாம் தோன்றும். நிபுணரிடம் கேட்டேன். வெற்றிடம் ஏது, குடல் எப்போதோ அங்கே நகர்ந்து வந்துவிட்டது என்றார். பாரிசில் ஒரு வீடு எத்தனை நாள் காலியாக இருக்கும்? உடம்பும் இந்த ஊரில்தான் வாழ்கிறது. ஆனால் முன்பு உடம்பு எனக்குச் சொந்த வீடு. சத்தம் எதுவும் காதில் விழாது. இப்போது மேல்மாடிக் குடித்தனக்காரர் மாதிரி. நடந்தால் கேட்கிறது, நடக்காவிட்டாலும் ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறது.

அச்சகத்தில் அந்தக் கதையை இன்னும் கேட்கிறார்கள். ஹாண்டிலில் இருந்துதான் தொடங்குகிறேன். முன்பு போலப் பகிடி இல்லை என்று பழைய ஆட்கள் குறைப்படுகிறார்கள். ஆடு இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

போன கிழமை ஒருவர் மகளின் கலியாண அட்டைக்கு வந்தார். அடுத்த ஆவணிக்கு நாள் வைத்திருக்கிறார்கள். முன்பு எனக்கும் காலம் அப்படித்தான், ஆவணி, தை என்று பெரிய துண்டுகளாக இருந்தது. அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முதுகில் ஒரு குளிர் ஓடியது. கதவு திறந்திருந்தது, அதனாலும் இருக்கலாம். ஒரு விரலை உயர்த்திப் பொறுங்கோ என்று காட்டிவிட்டு, தெர்மோமீற்றரை நாக்குக்கடியில் வைத்தேன். அது வாயில் இருக்கும்வரை கதைக்க ஏலாது. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். மாப்பிள்ளையின் பெயர் திரையில் பாதியில் நின்றது.

பீப் என்றது. முப்பத்தாறு தசம் ஒன்பது.

இனிச் சொல்லுங்கோ என்றேன்.